வெள்ளச்சி அக்கா சொல்லாத ஆறு எண்கள்

போன திங்கட்கிழமை போளூர் பேருந்து நிலையத்தில் நின்றபடி கைபேசியில் ரயில் டிக்கெட் எடுத்துக்கொண்டிருந்தேன். வாங்கி ஒரு வாரம்தான் ஆன புதுக் கைபேசி. கடைசிக் கட்டத்தில் ஓ.டி.பி. கேட்டது. மெசேஜைத் திறந்து, ஆறு எண்களையும் வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே திரும்பி வந்து தட்டுவதுதான் என் வழக்கம். அதற்கெல்லாம் இடமே இல்லாமல், வந்த எண்ணைக் கைபேசியே எடுத்து, கட்டத்தில் நிரப்பி, வேலையையும் முடித்துவிட்டது. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கொஞ்சம் சத்தமாகவே. பக்கத்தில் முருங்கைக்கீரைக் கட்டோடு நின்றிருந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றார். அவரிடம் காரணம் சொல்லியிருந்தால் இன்னும் தள்ளிப் போயிருப்பார். உங்களிடம் சொல்லலாம்.

அந்த வாரம் முழுக்கவே இப்படித்தான் போனது. புதன்கிழமை மகளை அமிர்தி வனப் பூங்காவுக்குக் கூட்டிப் போனோம். மூன்று வயதுக்காரிக்கு மானைக் காட்டினோம், மயிலைக் காட்டினோம். அவள் என் கைப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கைபேசியைக் கொடுத்தால் சிக்னல் இல்லை. "வரலம்மா, பொம்ம வரல" என்று அருவிக்கு எதிரே உட்கார்ந்து அழுதாள். அன்று காலைப் பேப்பரில்தான், இனி செல்போன் கோபுரமே வேண்டாம், விண்வெளியில் சுற்றும் செயற்கைக்கோளிலிருந்தே நேராகக் கைபேசிக்கு சிக்னல் வரும் என்று செய்தி படித்திருந்தேன். அதை மகளிடம் சொல்லிப் பார்த்தேன். அழுகை நிற்கவில்லை. எனக்கோ சிக்னல் இல்லாத அந்தக் காட்டு வாசனையில், ஈர மண்ணும் ஆட்டுப் புழுக்கையும் கலந்து வருமே அந்த வாசனையில், மலைமேல் இருக்கும் புதூர்நாட்டுப் பக்கத்துப் பாறை ஒன்று நினைவுக்கு வந்துவிட்டது.

படிப்பு முடிந்த கையோடு எனக்குக் கிடைத்த முதல் வேலை, அந்த மலைக் கிராமத்து இ-சேவை மையத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவது. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது எல்லாம் என் கையில். திங்கட்கிழமை விடிந்ததும் போளூரில் பஸ் ஏறுவேன். திருப்பத்தூர் போய், அங்கிருந்து ஜீப். பத்துப் பேர் உட்காரும் ஜீப்பில் இருபது பேர், நாலு பலாப்பழம், ஒரு கோழி, நான். மூன்றாவது வளைவில் எனக்குக் குமட்டும். ஜீப் ஓட்டும் கண்ணன் அண்ணன் என் முகத்தைக் கண்ணாடியில் பார்த்தே வண்டியை ஓரம் கட்டிவிடுவார். "எறங்கும்மா, உன் எடம் வந்துடுச்சி" என்பார். அந்த வளைவுக்கு என் பெயரே வைத்துவிட்டார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. சனிக்கிழமை மதியம்வரை மலையில், பிறகு வீடு. மையத்தை ஒட்டின அறையிலேயே தங்கினேன்.

மையத்தின் கூரையில் பெரிய கிண்ணம் மாதிரி ஓர் ஆன்டெனா இருந்தது. அதனால் கம்ப்யூட்டருக்கு மட்டும் நெட் வரும். கைபேசிக்கு ஊரில் எங்கேயும் சிக்னல் கிடையாது, மேலே இருக்கும் பாறையைத் தவிர. நேராகப் பார்த்தால் பாறை கூப்பிடு தூரம்தான். நடந்தால் பாதை சுற்றிச் சுற்றிப் போகும். ஊர்க்காரர்களுக்குக் கால் மணி நேரம், எனக்கு அரை மணி நேரம்.

காலையிலிருந்து சாயங்காலம்வரை பாறையிலேயே இருப்பவர் ஊரில் ஒரே ஒருவர்தான், வெள்ளச்சி அக்கா. நாற்பத்தைந்து வயதிருக்கும். அவர் ஆடு மேய்க்கிற இடமே அதுதான். அதனால் ஊரில் ஒரு பழக்கம் இருந்தது. காலையில் எல்லா வீட்டுக் கைபேசியும் அவருடைய ஒயர் கூடைக்குள் போய்விடும். முக்கால்வாசியும் ஒரே மாதிரி பட்டன் போன்கள் என்பதால் ஒவ்வொன்றிலும் ஒரு கலர் துணி கட்டியிருப்பார்கள். கூடையைப் பாறை மேலிருந்த புளியங்கிளையில் மாட்டிவிடுவார். ஆடுகள் ஒருபக்கம் மேய, கூடை ஒருபக்கம் கிணிகிணி என்று பேசிக்கொண்டிருக்கும். யாருக்காவது போன் வந்தால் எடுத்துப் பேசி, சொன்னதைச் சொன்னபடி சாயங்காலம் வீட்டு வாசலில் வந்து ஒப்பிப்பார். "ஓசூர்லருந்து ஒன் தம்பி பேசுனான். வெள்ளிக்கெழம வர்றேன்னான். கொஞ்சம் இருமுனான்." இருமல்வரை கணக்கில் வரும். ஆனால் மெசேஜ் வந்தால் திறக்கமாட்டார். பேசினால் அது ஊருக்குக் கேட்கிற விஷயம், எழுதினால் அது அவங்கவங்களுடையது. அதுதான் அங்கே முறை. யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்த மாதிரி தெரியவில்லை.

என் வேலைக்கு ஓ.டி.பி. வேண்டுமே? அதற்கு மட்டும் விலக்கு. நான் மையத்தின் பின்பக்கம் நின்று, "அக்கா, பச்சத் துணி!" என்று கத்துவேன். அந்தப் போனைத் தேடி எடுத்து, ஆறு எண்களையும் ஒவ்வொன்றாகப் பாறையிலிருந்து கூவுவார். எழுத்து தெரியாது, எண் தெரியும். என்ன குரல் என்கிறீர்கள்! எதிர்ச் சரிவில் களை எடுப்பவர்களுக்கும் கேட்கும். ஊர் மொத்தத்துக்கும் தெரிந்த ரகசிய எண்கள் உலகத்திலேயே அங்கே மட்டும்தான் இருந்திருக்கும்.

மதியத்தில் நானும் சோற்று டப்பாவோடு பாறைக்கு ஏறுவேன். கண்ணன் அண்ணனின் ஜீப்பில் வரும் முந்தின நாள் பேப்பர் என் கையில் இருக்கும், எப்போதும் பலாப்பழ வாசனையோடு. அதை உரக்கப் படிப்பேன். பக்கத்துச் சரிவில் வேலை செய்பவர்கள் பத்துப் பேர் சாமைச் சோறும் கீரைக் குழம்புமாக வந்து உட்கார்ந்து கேட்பார்கள். தேர்தல் செய்தி, புயல் செய்தி எல்லாம் உண்டு. ஆனால் அவர்களுக்குப் பிடித்தது கம்ப்யூட்டர் செய்திதான். டிரைவர் இல்லாமல் தானே ஓடும் கார் வந்துவிட்டது என்று ஒருநாள் படித்தேன். "அந்த மூணாவது வளவுல நீ வாந்தி எடுக்க தானே நிக்குமா அது?" என்று கேட்டார் வெள்ளச்சி அக்கா. சாப்பாடு முடியும்வரை சிரித்தார்கள்.

எனக்கு அது தலைக்கேறிவிட்டது. இருபத்திரண்டு வயது, கேட்க ஆள் இருக்கிறது, வேறென்ன வேண்டும்? படிப்பதோடு நிறுத்தாமல் விளக்கம் சொல்ல ஆரம்பித்தேன். ஒரு வாரம் புதன்கிழமை, ஓ.டி.பி. கேட்டு ஏமாற்றுகிறவர்களைப் பற்றி அரைப் பக்கத்துக்குப் போட்டிருந்தார்கள். தெரிந்தவர்கள் குரலிலேயே மெஷின் பேசுமாம், குரலை நம்பி எண்ணைச் சொன்னால் அவ்வளவுதானாம். நான் எழுந்தே நின்றுவிட்டேன். "யார் கேட்டாலும் சொல்லக் கூடாதுக்கா. தெரிஞ்ச கொரலா இருந்தாலும் சொல்லாதீங்க. நானே கேட்டாலும் சொல்லாதீங்க!" என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். வெள்ளச்சி அக்கா ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டார். நானே கேட்டாலும் என்று அழுத்திச் சொன்னது எதற்கென்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. ஒரு வேகம்தான்.

அதற்குப் பிறகு ஓ.டி.பி. கேட்கும் வேலை எதுவும் வராமலே வெள்ளிக்கிழமை ஆனது. அன்று சத்யா வந்தாள். என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். நர்ஸ் படிப்பு முடித்தும் வேலை கிடைக்காமல், இரண்டு வருடம் கேரளாவில் மிளகுத் தோட்டத்தில் கூலிக்குப் போய் வந்தவள். குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டுப் போயிருந்தாள். திரும்பி வந்தபோது குழந்தை அவளைக் கண்டு கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டதாம். இப்போது மலையிலேயே இருக்கிற ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ் வேலைக்கு விண்ணப்பம் கேட்டிருந்தார்கள். சாயங்காலம் ஐந்து மணியோடு கடைசி. சாதிச் சான்றிதழ் அன்று மதியம்தான் அவள் கைக்கு வந்திருந்தது. "இது இல்லன்னா அடுத்த வாரம் மறுபடியும் கேரளா ஜீப்புதான் மேடம்" என்றாள்.

போட்டோ ஏற்றி, கையெழுத்து ஏற்றி, எல்லாம் முடிந்து ஓ.டி.பி. கேட்கும்போது மணி நாலு பத்து. அவள் போன் காலையிலேயே கூடைக்குப் போய்விட்டது. நான் பின்பக்கம் ஓடினேன்.

"அக்கா, செவப்புத் துணி!"

இன்னொரு முறை கத்தினேன். அப்புறம்தான் பாறையிலிருந்து குரல் வந்தது. "யாரு?"

"நான்தாங்கா, கம்ப்யூட்டர் பொண்ணு!"

"சொல்ல மாட்டன்!"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "இன்னாக்கா?"

"நீதான சொன்ன, நீயே கேட்டாலும் சொல்லாதன்னு!"

சத்யா முன்னால் வந்து கத்தினாள். "அக்கா, நான் சத்யா! என் போனுதான்! சொல்லுக்கா!"

"சத்யா கொரலு மாதிரிதான் கீது! மெஷினு அப்படித்தான் பேசுமாமே!"

நடுவில் பலா மரங்கள். அவருக்கு எங்கள் கூரை தெரியும், முகம் தெரியாது. நான் கெஞ்சினேன், கோபப்பட்டேன், வாயில் வரக் கூடாத ஒரு வார்த்தையும் வந்துவிட்டது. அது கேட்டிருக்காது என்று இன்றும் நம்பிக்கொண்டிருக்கிறேன். எண் பத்து நிமிடம்தான் செல்லும். உள்ளே வந்து பார்த்தால் காலாவதியாகிவிட்டது. ஒரு பெண்ணின் வேலையை நானே பேசிக் கெடுத்தேனே என்று தலையில் அடித்துக்கொண்டேன். சத்யா செருப்பைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டு மேலே ஓடினாள்.

நாலரை மணிக்குப் பாறையிலிருந்து, "வந்துட்டா! அவளேதான்! அனுப்பு!" என்று கூவினார் வெள்ளச்சி அக்கா. மறுபடி எண் அனுப்பச் சொல்லி அழுத்தினேன். மேகம் இறங்கியிருந்தது. மேகம் இறங்கினால் பாறையிலும் சிக்னல் தள்ளாடும். ஐந்து நிமிடம், எட்டு நிமிடம், மெசேஜ் விழவில்லை; இன்னொரு முறை அனுப்பச் சொல்லி அழுத்தினேன். கதவுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே நான் எத்தனை முறை ஓடினேனோ. கடைசியில் வந்தது. ஓடின ஓட்டத்தில் சத்யாவுக்குக் குரலே எழவில்லையாம். அவள் ஒவ்வொரு எண்ணாகக் காதில் சொல்ல, வெள்ளச்சி அக்கா கூவினார். அதற்கு முன்னால், "உன்னுது, நீ சொல்லு. நான் கத்தறேன்" என்று அவளிடம் ஒப்புதல் வேறு வாங்கிக்கொண்டாராம். ஐந்துக்கு ஏழு நிமிடம் இருக்கும்போது விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. நான் மேசை மேல் தலையை வைத்து அழுதேன்.

சத்யா இறங்கி வந்ததும், "அந்த அக்கா இப்டி பண்ணிட்டாங்களே" என்று நான் என் தப்பை அவர் தலையில் போடப் பார்த்தேன். அவள் தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னாள்: "அவங்களத் திட்டாதீங்க மேடம். நான் கேரளாவுல இருந்தப்ப தெனமும் எங்க வூட்டுக்காரருக்கு மெசேஜ் போடுவேன். முடியல, செத்துடலாம் போல கீதுன்னுகூடப் போட்ருக்கேன். அதெல்லாம் அந்தக் கூடையிலதான் கெடந்துச்சி. யாரையாச்சும் படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கலாம், கேக்கல. ஒரு வார்த்த வெளிய வரல. அவங்க அப்படி இருந்ததாலதான் நான் எழுத முடிஞ்சிது."

அன்று மாலை வெள்ளச்சி அக்கா ஆடுகளோடு இறங்கி வந்து, "நான் சொன்னது சரிதான?" என்று என்னைக் கேட்டார். சரிதான்கா என்றேன். மனதாரச் சொன்னேன். நான் பேப்பரில் படித்ததை என்னைவிட ஒழுங்காகக் கடைப்பிடித்தவர் அவர்தான். அந்த வேலை எனக்கு நிறைய கொடுத்தது. அந்த ஒரு வெள்ளிக்கிழமைக்கு மட்டுமே நான் அந்த மலைக்கு ஆயுசுக்கும் நன்றி சொல்லலாம்.

சத்யாவுக்கு வேலை கிடைத்தது. அடுத்த வருடம் எனக்கு போளூரிலேயே வேறு வேலை கிடைத்து நான் இறங்கிவிட்டேன். கல்யாணம், குழந்தை என்று மலைக்குப் போகவே இல்லை. அமிர்தியிலிருந்து திரும்பின மூன்றாம் நாள், சனிக்கிழமை, கணவரிடம் மகளை விட்டுவிட்டு ஜீப் ஏறினேன். இப்போது ரோடு நன்றாக இருக்கிறது. வளைவில் எனக்குக் குமட்டவும் இல்லை.

சுகாதார நிலையத்தில் வெள்ளைக் கோட்டோடு சத்யா. அவள் மகன் திண்ணென்று வளர்ந்து வரிசையில் நிற்பவர்களுக்குச் சீட்டு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். அம்மாவைவிட்டு அசையவே மாட்டானாம். ஊருக்குள் கோபுரம் வந்து இரண்டு வருடம் ஆகிறது. சமையல் கட்டிலும் சிக்னல், மாட்டுக் கொட்டகையிலும் சிக்னல். நல்லதுதான். பிரசவ வலி என்றால் இப்போது உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடலாம். கோபுரம் வந்த மறுநாள் காலையில் ஒருவரும் போன் கொடுக்க வரவில்லை, வெள்ளச்சி அக்கா வெறும் கையோடு ஆடு ஓட்டிக்கொண்டு போனார் என்றாள் சத்யா.

அவர் வீட்டுக்குப் போனேன். "வாம்மா, கம்ப்யூட்டர் பொண்ணு" என்று கையைப் பிடித்துக்கொண்டார். டீ கொடுத்தார். பிறகு ரவிக்கைக்குள்ளிருந்து ஒரு தொடுதிரை போனை எடுத்து நீட்டினார். மகன் வாங்கிக் கொடுத்ததாம்.

"இதுக்கு ஒரு லாக்கு போட்டுக் குடும்மா. எல்லாரும் போட்டு வெச்சிகிறாங்க. என்னுது மட்டும்தான் தொறந்து கெடக்குது."

லாக் போடும் இடத்துக்குக் கொண்டுபோய், நாலு எண் போட வேண்டும் என்று சொல்லி அவர் கையில் கொடுத்தேன். அவர் விரலைத் திரை மேல் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

"நீ அந்தாண்ட திரும்பு."

நான் திரும்பி நின்றுகொண்டேன். நாற்பது வீட்டுப் போன்களைப் பூட்டே இல்லாமல் ஒரு மரக்கிளையில் மாட்டிக் காத்தவர், தன்னுடைய ஒரே போனைப் பூட்டி முடிக்கும்வரை.