கோட்டைக்குள் ஐந்து நாற்காலிகள்

எங்கள் குடும்பம் ஓட்டலுக்குப் போவது என்றால் மேற்குத் தாம்பரத்தில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு சாப்பாட்டு ஓட்டலுக்குத்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அங்கே இடம் பிடிப்பது தனி வித்தை. அப்பா வாசலிலேயே நின்றுகொண்டு யார் இலையில் ரசம், யார் இலையில் மோர் என்று நோட்டம் விடுவார். மோருக்கு வந்துவிட்ட ஆளாகப் பார்த்து அவர் நாற்காலிக்குப் பின்னால் என்னைக் கொண்டுபோய் நிறுத்திவிடுவார். சாப்பிடுகிறவர் திரும்பித் திரும்பி முறைப்பார். நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அவர் கை கழுவ எழுந்தால் போதும், மேஜை எங்களுடையது.

இப்படிப்பட்ட எங்களிடம் போய், மே மாதம் சாப்பிடப் போகிற மேஜையை ஜனவரியிலேயே சொல்லிவைக்க வேண்டும் என்று அத்தை சொன்னாள். அம்மா அதை நம்பவே இல்லை. அவ்வளவு முன்னால் சொல்லிவைத்துச் சாப்பிட அப்படி என்னதான் போடுவார்கள் என்று கேட்டாள்.

அத்தை அப்பாவுக்கு ஒரே தங்கை. கல்யாணம் ஆனதும் மாமாவோடு அமெரிக்காவுக்குப் போனவள். குழந்தைகள் இல்லை. தொண்ணூறுகளின் நடுவில், நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோது, கோடை விடுமுறைக்கு எங்கள் மூன்று பேரையும் அங்கே வரச் சொல்லி ஒற்றைக்காலில் நின்றாள். அவர்கள் ஊரிலிருந்து காரில் போகிற தூரத்தில் ஒரு பிரம்மாண்டமான பொழுதுபோக்குப் பூங்கா இருந்தது. ஒரு வாரம் அங்கேயே தங்கிச் சுற்றிப் பார்ப்பதாக ஏற்பாடு. எங்கள் பாஸ்போர்ட் வந்திருந்தது. விசாவுக்கு இன்னும் போகக்கூட இல்லை. அதற்குள் எந்த வேளைக்கு எங்கே சாப்பாடு என்ற பேச்சு தொடங்கிவிட்டது.

எதிர் வீட்டு அக்கா வீட்டில்தான் போன் இருந்தது. ஞாயிறு காலையில் அத்தை கூப்பிடுவாள். அம்மா சுவரிலிருந்து தினசரிக் காலண்டரைச் சாமிப் படத்தோடு கழற்றி இடுப்பில் இடுக்கிக்கொண்டு தெருவைக் கடப்பாள். வெள்ளி, சனி எங்கள் வீட்டில் கறி மீன் கிடையாது. அம்மாவுக்குச் செவ்வாயும் ஆகாது. போதாததற்குச் சஷ்டி, கிருத்திகை, அமாவாசை. அத்தை அந்தப் பக்கம் தேதியைச் சொல்லச் சொல்ல, அம்மா தாளைப் புரட்டி "அன்னிக்கு வேணாம், கிருத்திகை" என்பாள். கரடி வேஷம் போட்டவர் மேஜை மேஜையாக வந்து கைகுலுக்கும் காலைச் சாப்பாடு இப்படியே இரண்டு முறை நாள் மாறியது. அத்தை சிரிப்பது ரிசீவருக்கு வெளியே எனக்குக்கூடக் கேட்கும்.

எல்லாவற்றுக்கும் மேலே கோட்டைச் சாப்பாடு. பூங்காவின் நடுவே ஒரு கோட்டை, அதற்குள் ராத்திரி விருந்து. கிரீடம் வைத்த ராஜகுமாரிகள் நம் மேஜைக்கே வந்து பெயர் கேட்பார்களாம். அங்கே இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. அத்தை விடியற்காலையிலிருந்து போனைச் சுழற்றி, ஐந்து பேருக்கு ஒரு மேஜை பிடித்துவிட்டாள். இந்த ஒரு தேதியை மட்டும் மாற்றவே முடியாது என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். அன்றைக்கு எந்த விரதமும் இல்லை என்று அம்மாவும் மேலோட்டமாகப் பார்த்துத் தலையாட்டினாள்.

நான் வகுப்பு முழுக்கத் தம்பட்டம் அடித்தேன். எதிர் வீட்டு அக்காவிடம் முள்கரண்டி ஒன்றைக் கடன் வாங்கி, தினமும் உப்புமாவைக் குத்திக் குத்திச் சாப்பிட்டுப் பழகினேன். முக்கால்வாசி மடியில் விழுந்தது.

பங்குனியில் ஒரு சாயந்திரம் அம்மா பஞ்சாங்கத்தை வைத்துக்கொண்டு எதையோ பார்த்தாள். பிறகு அப்பாவைக் கூப்பிட்டாள். தாத்தாவின் திதி, அதாவது அப்பாவுடைய அப்பா இறந்த திதி, வைகாசியில் வரும். போன வருஷம் ஜூனில் வந்ததால், அதற்குள் அமெரிக்கா போய்த் திரும்பிவிடலாம் என்று இருந்தார்கள். இந்த வருஷம் மே மாதத்திலேயே வந்துவிட்டது. சரியாகக் கோட்டைச் சாப்பாட்டு நாளன்று.

திதியன்று எங்கள் வீட்டில் காக்கை சாப்பிட்ட பிறகுதான் மனிதருக்குச் சாப்பாடு. வெளியே ஒரு வாய் டீகூடக் கூடாது. அப்பா ஒரே பிள்ளை. வேறு யாரும் செய்ய ஆள் கிடையாது.

அதோடு பழைய கணக்கு ஒன்றும் அவர் மனதில் இருந்தது. தாத்தா இறந்தபோது அத்தை வரவில்லை. அங்கே தங்குவதற்கான ஏதோ காகிதங்கள் மாறிக்கொண்டிருந்த நேரம், அந்த நாட்டை விட்டு வெளியே வந்தால் திரும்பிப் போக முடியாது என்றார்கள். அப்பா ஐஸ் பாளங்கள் வாங்கி அடுக்கி, அவள் வந்துவிடுவாள் என்று இன்னொரு நாள் வைத்துப் பார்த்தார். பிறகு எடுத்துவிட்டார்கள். அதைப் பற்றி அவர் அத்தையிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குப் பதில் அப்பா போனை எடுத்தார். எடுத்ததும் எடுக்காததுமாகக் கத்தினார்.

"அப்பா திதியும் அதுவுமா, ராணி வேஷம் போட்டவளோட உக்காந்து சாப்பிடச் சொல்றியா?"

அத்தை என்னவோ சொல்ல வந்தாள். "அண்ணா, அண்ணா" என்பது மட்டும் கேட்டது.

"செத்தன்னிக்கே வராதவ நீ. உனக்குத் திதி எங்க ஞாபகம் இருக்கப் போவுது?"

ரிசீவரை வைத்துவிட்டார். கீரை ஆய்ந்துகொண்டிருந்த எதிர் வீட்டு அக்கா எழுந்து உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர் வெகுநேரம் ஓடியது.

பாஸ்போர்ட்டுகள் பீரோவின் அடித்தட்டுக்குப் போயின. திதி முடிந்த பிறகாவது போகலாமே என்று அம்மா கெஞ்சிப் பார்த்தாள். அப்பா காதில் வாங்கவில்லை. நான் இரண்டு வேளை பட்டினி கிடந்தேன், மூன்றாவது வேளை பசி தாங்காமல் சாப்பிட்டுவிட்டேன். அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் போன் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் கேட்டவர்களிடம் விசா கிடைக்கவில்லை என்று பொய் சொன்னேன். அது என்ன என்று அவர்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

திதியும் வந்தது. கத்திரி வெயில். அப்பா குளித்துவிட்டு வந்து, மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் இலையை வைத்துக் கா கா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒரு காக்கையும் வரவில்லை. அப்போது எதிர் வீட்டு அக்கா வாசலில் வந்து, அமெரிக்காவிலிருந்து போன் என்றாள். அது மாடி வரைக்கும் கேட்டிருக்கும். அப்பா இறங்கி வரவில்லை. அம்மாவின் கை இரண்டும் வடை மாவு. என்னைப் போகச் சொன்னாள்.

"காக்கா சாப்டுச்சா கண்ணு?" என்றாள் அத்தை. ஜலதோஷம் பிடித்ததுபோல் இருந்தது குரல். இல்லை என்றேன். வாழைக்காய் உண்டா, பாயசம் உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். அப்பா மாடியில் இருக்கிறார், வரமாட்டார் என்றேன். அங்கே அப்போது நடுராத்திரி தாண்டியிருக்கும் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. என் கவலை எனக்கு. எங்கள் மேஜையில் இன்றைக்கு வேறு யார் உட்காரப் போகிறார்கள் என்று கேட்டேன்.

"யாரும் இல்லடா. நான் கேன்சலே பண்ணல. சாயந்திரம் நான் போறேன்."

மாமா வேலை விஷயமாக வெளியூர் போயிருக்கிறாராம். அவள் மட்டும்தானாம்.

பிறகு அவளாகவே பேசினாள். என்னிடம் பேசுகிற மாதிரியே இல்லை. "எனக்கா தெரியாது? இங்க கோயில்ல திதி கேட்டுட்டுத்தான் அந்தத் தேதியே வாங்கினேன். சம்பளத்தன்னிக்கு எங்கப்பா என்னையும் உங்கப்பாவையும் ஓட்டலுக்குக் கூட்டிட்டுப் போவாருடா. ஆபீஸ் போறப்பவே மூலை டேபிளைச் சொல்லி வச்சிட்டுப் போயிடுவாரு. மத்தியானம் படையல் எல்லாம் முறையா முடிச்சிட்டு, ராத்திரி அந்த மாதிரி அண்ணன் பக்கத்துல உக்காந்து ஒரு வேளை சாப்பிடணும்னு இருந்துச்சு. வேற ஒண்ணும் இல்ல."

எனக்கு அதில் ஒன்றுதான் விளங்கியது. நான் அங்கே இல்லாதபோது, ஐந்து பேர் சாப்பாட்டையும் அத்தை ஒருத்தியே சாப்பிடப் போகிறாள். ராஜகுமாரிகள் அவளிடம் மட்டும் பெயர் கேட்கப் போகிறார்கள். ஆத்திரத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. சரி என்று போனை வைத்துவிட்டு நேராக மாடிக்கு ஓடினேன்.

அப்பாவிடம் எல்லாவற்றையும் புகாராகவே சொன்னேன். கேன்சல் பண்ணாதது, கோயிலில் திதி கேட்டது, மூலை டேபிள், அண்ணன் பக்கத்தில் உட்காருவது, ஒன்று விடாமல் ஒப்பித்தேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஒரு காக்கை வந்து வடையைக் கொத்தியது. வழக்கமாக அப்பா அங்கிருந்தே அம்மாவுக்குக் குரல் கொடுப்பார். அன்றைக்குக் கொடுக்கவில்லை. நான்தான் கீழே ஓடிப் போய்ச் சொன்னேன்.

அம்மா இலை போட்டாள். அப்பா வந்து உட்கார்ந்தார். சோற்றில் கை வைத்துப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயருகே கொண்டுபோகவில்லை. அப்படியே இலையை மூடிவிட்டு எழுந்து, கொதிக்கிற மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டார். அவர் தோள் குலுங்கியதைப் பார்த்தேன். என் அப்பா அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அவருக்கும் என்னைப் போலவே கோட்டைச் சாப்பாட்டின்மேல் அவ்வளவு ஆசை இருந்திருக்கிறது, வெளியே சொல்லிக்கொள்ளவில்லை என்று நினைத்துக்கொண்டேன். இத்தனை நாள் அவர்மேல் வைத்திருந்த கோபமெல்லாம் போய்விட்டது. கிட்டே போய் அவரை ஒட்டி உட்கார்ந்து, அடுத்த வருஷம் போகலாம்ப்பா என்றேன்.