மதில் மேல் காத்திருந்த காகங்கள்

துபாய்க்குப் பக்கத்து அஜ்மானில் எங்கள் பழைய ரூமுக்குப் பின்னால் இருந்த ஆடு வெட்டும் கூடத்தை ஊருக்கு வெளியே மாற்றிவிட்டார்கள். இன்னும் அங்கேயே இருக்கும் ரூம்மேட் முருகேசன் இன்று காலை வாய்ஸ் மெசேஜில் சொன்ன செய்தி. கேட்டில் ஒட்டியிருந்த நோட்டீஸை அவனே நின்று படித்திருக்கிறான்.

கேட்டதும் அந்த வாடை திரும்ப வந்துவிட்டது... ரத்தம், பினாயில், வெயிலில் காயும் தோல்.

மேலே பருந்துகள் வட்டமடிக்கும். மதில் மேல் வரிசையாகக் காகங்கள். நம்ம ஊர்க் காக்கைதான், கப்பலில் தொற்றி வந்தவை என்பார்கள்.

"விசா மாஃபி, கஃபீல் மாஃபி. குடுத்து வச்சதுங்கண்ணே" என்பான் முருகேசன். விசாவும் வேண்டாம், ஸ்பான்சர் முதலாளியும் வேண்டாம் என்று அங்கத்திய அரபியில்.

நான் அப்போது பத்திரிகை வேலையில் புதுசு. அவன் சிவகங்கைப் பக்கம், பெயின்ட்டர். அந்த வருடம் அவன் அப்பா இறந்தபோது லீவ் கிடைக்கவில்லை. காரியத்துக்குப் போக முடியாதவன், ஆடி அமாவாசைக்காவது காகத்துக்குச் சோறு வைத்தே தீருவேன் என்று நின்றான். காகம் எடுக்கும்வரை பச்சைத்தண்ணி கிடையாது.

இங்கே காகத்துக்கா பஞ்சம்? சாம்பார் சாதம், வாழைக்காய், வடை எல்லாம் சமைத்து மதிலோரம் வைத்தோம்.

"கா... கா..."

ஒன்று இறங்கியது. பார்த்தது. போய்விட்டது.

விடிந்ததிலிருந்து குடலும் கொழுப்பும் தின்ற காக்கை வடையை ஏன் தொடப்போகிறது? இரண்டு பேருக்குமே அது தோன்றவில்லை.

வெயில் ஏறியது. "அப்பாவுக்கு எம்மேல கோவம்ணே" என்றான், தரையைப் பார்த்தபடி.

உள்ளே ஆடு உரிக்கும் பெஷாவர்க்காரர் கான் பாய் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "க்யா ஹுவா?" என்ன ஆச்சு என்றார். தெரிந்த ஹிந்தியில் விஷயத்தைச் சொன்னேன். போனவர் ஒரு துண்டு ஈரலோடு வந்து, சோற்றின் மேல் வைத்துவிட்டார்.

எனக்குப் பகீரென்றது. அமாவாசைப் படையலில் ஈரலா...

மதில் மொத்தமும் இறங்கியது. ஈரல் போனது, அது பட்ட சோறும் போனது, வடையைக்கூட ஒன்று தூக்கிக்கொண்டு பறந்தது.

முருகேசனைப் பயந்துகொண்டே பார்த்தேன். கண்ணில் தண்ணீரோடு சிரித்துக்கொண்டிருந்தான்.

"அப்பாதாண்ணே. ஈரல் இல்லாம ஞாயித்துக்கிழமை சோத்துல கை வைக்க மாட்டாரு."

"கலாஸ்" என்றார் கான் பாய். முடிந்தது. "அப் தும் பி காவோ." நீயும் இப்போ சாப்பிடு.

மூன்று பேரும் மதில் நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அதன் பிறகு வருடாவருடம் அவனுக்கு அதே மதில், அதே படையல்.

நான் சென்னைக்கே வந்துவிட்டேன். இங்கே ஜன்னலில் வைத்ததும் காகம் எடுத்துவிடுகிறது. கூடச் சிரிக்கத்தான் ஆளில்லை.

கூடத்தோடு காகங்களும் போய்விட்டனவா, மதிலிலேயே இருக்கின்றனவா என்பது இன்னும் உறுதியாகவில்லை. ஆடி அமாவாசை அடுத்த வாரம். அன்று காலை மெசேஜ் போடுகிறேன் என்றிருக்கிறான்.

ஈரல் இப்போதே ஃப்ரீசரில் இருக்கிறதாம்.