நான்கைந்து காய்களும் பிலோமினாவும்

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணி இருக்கும். எண்ணூரிலிருந்து வரவேண்டிய இரும்புத் தகடுகள் ஏன் வரவில்லை என்று கேட்க ஸ்டோர்ஸில் டெலிபோனை எடுத்தேன். "சொல்லுண்ணா" என்று பிலோமினாவின் குரல் வரவில்லை. டைம் ஆபீஸ் கன்னியப்பன் பேசினார். போர்டில் பிலோமினா இல்லையா என்று கேட்டேன்.

"உனுக்கு யாரும் சொல்லலியா? காத்தால பூட்ச்சுபா. குளிச்சிட்டு வந்து தலை வலிக்குதுன்னு குந்திச்சாம். அவ்ளோதான்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சரி, எண்ணூருக்கு லைன் குடுங்க" என்றேன். கன்னியப்பனும் கொடுத்தார். தகடுகளைப் பற்றி முழுதாகப் பேசி, லாரி நம்பரைக் குறித்துக்கொண்டு, ரிசீவரை வைத்த பிறகுதான் அவர் சொன்னது எனக்கு உறைத்தது. முப்பத்தாறு வயது. முந்தின நாள் மதியம் என் எதிரே உட்கார்ந்து தயிர் சாதம் சாப்பிட்டவர்.

இந்த இதழை வாசிக்கும் நம் தொழிற்சாலைக்காரர்களில் அவர் குரலைக் கேட்காதவர் கிடையாது. முகத்தை அறிந்தவர்கள் குறைவு. டெலிபோன் போர்டு இருந்த அந்தச் சின்ன அறையைவிட்டு அவர் வெளியே வந்தது மதிய அரைமணி நேரம்தான். அந்த அரைமணியில் கேன்டீன் மூலையில் நாங்கள் நாலு பேர் செஸ் ஆடிக்கொண்டிருப்போம். எந்த ஆட்டமும் முடிந்ததில்லை. பாதியில் சங்கு ஊதிவிடும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த பிலோமினா சொன்னார்: "முழு ஆட்டத்துக்கு நமக்கு ஏதுண்ணா நேரம்? கடைசியை மட்டும் ஆடலாமே." கேட்காமலே பலகையில் இருந்த காய்களை அள்ளிப் பெட்டியில் போட்டார். இரண்டு ராஜா, ஒரு யானை, இரண்டு சிப்பாய் மட்டும் நின்றன. கப்பலில் வேலை பார்த்த அவருடைய அண்ணன் எங்கோ வாங்கிவந்த, அட்டை கிழிந்த ஒரு புத்தகத்திலிருந்து கற்றவையாம் எல்லாம். அன்றிலிருந்து நாங்கள் ஆடியது முடிவாட்டம் மட்டுமே.

ஒரு சனிக்கிழமை எனக்கும் அவருக்கும் ஆட்டம். அவரிடம் ராஜாவும் ஒரு சிப்பாயும். என்னிடம் ராஜா மட்டும். அவர் சிப்பாய் ராணியாவதற்கு இரண்டே கட்டம் பாக்கி. என் ராஜா அதற்கு நேர் முன்னால் நின்றது. நகர்த்த வேண்டியது நான். "எங்க போனாலும் தோல்விதான், கையக் குடுண்ணா" என்றார். கொடுத்துவிட்டேன்.

மறுநாள் ஞாயிறு. திருவொற்றியூரில் என் வீட்டு வாசலில் தொப்பலாக நனைந்த குடையோடு பிலோமினா நின்றார். ராயபுரத்தில் காலைப் பூசை முடிந்ததும் கல்மண்டபத்திலிருந்து பஸ் பிடித்து வந்திருக்கிறார். என் மனைவி பதறிப்போய் என்னவோ ஏதோ என்று துண்டை எடுத்துவந்தாள்.

"ஒண்ணுமில்லக்கா. நேத்து அண்ணங்கிட்ட தப்பா சொல்ட்டேன். ராஜாவைச் சாய்வா வெச்சாதான் தோல்வி. நேரா ஒரு கட்டம் பின்னாடி வெச்சிருந்தா டிரா. ராத்திரி வூட்ல வெச்சுப் பாத்தேன், தூக்கமே வர்ல."

"இதை நாளைக்குச் சொல்லக்கூடாதா?" என்றேன்.

"அதுவரைக்கும் நீ தோத்தவனாவே இருப்பியே."

காபி குடித்துவிட்டுப் போனார். அதன் பிறகு யார் தோல்வியை ஒப்புக்கொண்டு கை நீட்டினாலும் ஒன்றுதான் சொல்வார்: "நீயா சொல்லாத. அவன் ஜெயிச்சுக் காட்டட்டும்."

தொழிற்சாலைகளுக்கு இடையே நடந்த போட்டியும் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். ஒரு பெண்ணைப் பலகைக்கு முன் உட்கார வைத்தால் மற்ற கம்பெனிக்காரன் சிரிப்பான் என்று நம் அணித் தலைவர் மறுத்தார். நான்காவது ஆள் காய்ச்சலில் படுத்ததால்தான் பிலோமினாவுக்கு இடம் கிடைத்தது. கடைசிச் சுற்றில் அவருக்கு அரைப் புள்ளி, அதாவது ஒரு டிரா, கிடைத்தால் நமக்குக் கோப்பை. ஆனால் எதிராளியிடம் ஒரு பிஷப்பும் இரண்டு சிப்பாய்களும். இவரிடம் ஒரே ஒரு குதிரை. பிலோமினா அந்தக் குதிரையைக் கொடுத்து நடுவிலிருந்த சிப்பாயை வெட்டினார். தனி ராஜா! சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நம் தலைவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

பிலோமினா ராஜாவை மெதுவாக மூலைக்கு நடத்தினார். மிச்சமிருந்தது ஓரத்துச் சிப்பாய். அது ராணியாக வேண்டிய மூலைக் கட்டம் கறுப்பு. எதிராளியின் பிஷப்போ வெள்ளைக் கட்டங்களில் மட்டும் ஓடக்கூடியது. மூலையில் உட்கார்ந்துவிட்ட ராஜாவைக் கிளப்ப அதனால் முடியாது. அந்த மனிதர் இருபது நகர்த்தல்கள் முயன்றுவிட்டுக் கை நீட்டினார். டிரா. தலைவரை நான்தான் போய் அழைத்துவந்தேன். அவர் பிலோமினாவைப் பார்க்காமல் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார். "உக்காருங்க சார், எப்டின்னு காட்றேன்" என்று இவரே காய்களை மறுபடி அடுக்கினார்.

புதன்கிழமை அடக்கம் செய்தோம். பெட்டிக்குள் பார்த்தபோதும் எனக்கு அழுகை வரவில்லை. யாரோ ஏதோ தவறாகச் சொல்லியிருக்கிறார்கள், யாராவது வந்து திருத்துவார்கள் என்பதுபோல நின்றுகொண்டிருந்தேன். இன்னும் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கிறேன்.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது எது என்று கேட்டால், அது எந்த ஆட்டமும் இல்லை. அந்த ஞாயிறு நனைந்துகொண்டு வந்து நின்றாரே, அதுதான். எட்டு மாதங்களுக்கு முன் ஸ்டோர்ஸில் ஒரு பிரஷர் கேஜ் காணாமல் போனது. ஹெல்பர் கண்ணையா தொலைத்தார் என்று எழுதிக் கொடுத்தேன். அவருக்கு எச்சரிக்கைக் கடிதம் போனது. ஒரு வாரம் கழித்து அந்தக் கேஜ் என் அலமாரிக்குப் பின்னாலேயே கிடைத்தது. சத்தமில்லாமல் எடுத்து இடத்தில் வைத்தேன். இதை வாசிக்கும் உங்கள் எல்லோருக்கும் தெரியட்டும் என்றுதான் இங்கே எழுதுகிறேன்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் மாதவரத்தில் கண்ணையாவின் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அவர் மனைவிதான் உள்ளேயிருந்து கேட்டாள்: "இத மேனேஜராண்ட சொல்வியா?"

"சொல்லிட்டுத்தாம்மா வரேன்" என்றேன்.