மழைக்காரியின் காலுறை

பயண வண்டி கட்டும் தொழிற்சாலையில் அவளுக்கு மழைக்காரி என்று பெயர். கட்டில், அடுப்பு, கழிப்பறை என்று ஒரு வீட்டையே சக்கரத்தில் ஏற்றி அனுப்பும் இடம் அது. கட்டி முடித்த வண்டியைக் கொட்டகைக்குள் நிறுத்தி, மேலே குழாய்களைத் திறந்துவிட்டு, உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு ஒழுகுகிறதா என்று பார்ப்பது அவள் வேலை. செருப்பைக் கழற்றிவிட்டு வெறும் காலுறையோடு மூலை மூலையாக நடப்பாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாலும் அகப்படாத ஈரம் காலுறைக்கு அகப்பட்டுவிடும்.

கூரை இணைப்புகளுக்குப் பசை போடுகிறவன் அவள் புருஷன். "கூரையும் மழையும் ஒரே வீட்டுல குடித்தனம் பண்ணுது பாரு!" என்று ஆட்கள் கேலி செய்வார்கள். இருவரும் சேர்ந்து சிரிப்பார்கள். அவன் போட்ட இணைப்பு ஒன்றுகூட ஒழுகியதில்லை, சிரிப்பதற்கு என்ன கஷ்டம்?

மேஸ்திரி ஓய்வு பெறும் சமயம். இப்போது கட்டிக்கொண்டிருக்கும் வண்டி மழைச் சோதனையில் ஒரே தடவையில் தேறினால் அந்த இடம் அவனுக்குத்தான் என்று மேலாளர் வாய்விட்டே சொல்லியிருந்தார். அந்த நினைப்பிலேயே அவனுக்குக் கை பறந்தது.

அந்த வண்டியின் சோதனை அன்று, கட்டில் ஓரத்தில் அவள் கால் வைத்ததும் பெருவிரல் சில்லென்றது. மேலே கூரை ஜன்னலின் விளிம்பைச் சுரண்டினாள். பசை அப்படியே உரிந்து வந்தது, அடியில் மரத்தூள். துடைக்காமலே போட்டிருக்கிறான், பாவி மனுஷன்.

வெளியே கண்ணாடியை ஒட்டி அவன் நின்றிருந்தான். அவள் கையிலிருந்த துணியால் ஒரு துடைப்பு துடைத்தால் போதும், ஒருவருக்கும் தெரியாது. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதுகொண்டேதான் கதவில் 'தேறவில்லை' என்ற சிவப்புச் சீட்டை ஒட்டினாள்.

"ஒரு சொட்டுதானே. பாத்தும் பாக்காத மாதிரி இருந்திருக்கக் கூடாதா?" என்றான் வீட்டில்.

"அந்தச் சொட்டுலயே பலகை ஊறி உப்பிரும். அங்க யார் படுக்கப் போறாங்கன்னு தெரியுமா உங்களுக்கு?"

"உனக்குத் தெரியுமா?"

"தெரியாது. அதனாலதான் ஒட்டினேன்."

மேஸ்திரி வேலை வேறொருவனுக்குப் போயிற்று. புருஷன் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் அந்த வண்டியின் பசை முழுவதையும் உரித்து, துடைத்து, புதிதாகப் போட்டான்.

மறுபடி குழாய்களைத் திறந்து அந்த வண்டியைச் சோதிக்கும் நாளில் கதவைத் தட்டி உள்ளே வந்தான். செருப்பைக் கழற்றினான். காலில் புதுக் காலுறை. கூரைமேல் தண்ணீர் தடதடக்க, கட்டில் ஓரத்தில் போய் அசையாமல் நின்றான்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

"காஞ்சுதான் இருக்கு. ஆனா என் கால நான் நம்பல. நீ வந்து நின்னு சொல்லு."