அடைப்புக்குறிக்குள் ஒரு குரல்

எங்கள் வாட்ஸ்அப் குழுவுக்கு ஒரே வேலைதான். வானொலியில் பல வருடங்களாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு குடும்ப நாடகத்தின் அன்றன்றைய கதையை ஒருவர் விடாமல் எழுதிப் போட வேண்டும், மற்றவர்கள் படிக்க வேண்டும். சங்கரன்கோவிலில் இதற்கு ஒரு காரணம் உண்டு. நாடகம் வரும் மத்தியான நேரத்தில் குழுவில் பாதிப் பேர் விசைத்தறிக் கூடத்தில் நிற்பார்கள். தறி ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் கத்தினாலே காதில் விழாது, வானொலி எங்கே விழப்போகிறது? கேட்க முடிந்தவர் கேட்டு எழுதுவது என்று ஆரம்பித்து, நாளடைவில் அந்த வேலை என் தலையில் வந்து விழுந்தது.

நான் பத்திரப்பதிவு அலுவலகத்துக்கு எதிரே ஒரு பத்திர எழுத்தரின் கடையில் டைப் அடிப்பவள். மத்தியானம் கடையில் ஆள் இருக்காது. ஒரு காதில் இயர்போன், மடியில் எலுமிச்சம் சாதம், அப்படியே கேட்டு அப்படியே அடித்துவிடுவேன். ஆரம்பத்தில் நான் எழுதியதெல்லாம் கிரயப் பத்திரம் மாதிரியே இருந்தது. ‘மேற்படி மருமகள் மேற்படி வீட்டை விட்டு வெளியேறினாள்’ என்று எழுதி எல்லோரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டேன். குழுவில் இருக்கும் பூக்கடை அண்ணாச்சி, இதற்கு வில்லங்கச் சான்று எப்போது கிடைக்கும் என்று கேட்டார். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும், சீக்கிரம் போகாது. ஆனாலும் நடையை மாற்றிக்கொண்டேன்.

என் எதிர்வீட்டுக்காரியும் குழுவில் இருக்கிறாள். என் வயதுதான். இரண்டு பேரும் கல்யாணமாகி ஒரே வருடத்தில் இந்தத் தெருவுக்கு வந்தவர்கள். கணவர் இறந்த பிறகு அவள் தறிக்கூடத்தில் நின்றே மகளை வளர்த்தாள். தறிச் சத்தம் அவள் காதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. மகள் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது முழுதாகவே போய்விட்டது. காது மெஷின் வைத்துப் பார்த்தாள். இரைச்சல்தான் பெரிதாகிறது, பேச்சு வரவில்லை என்று கழற்றி வைத்துவிட்டாள். அவளிடம் சொல்ல வேண்டியதை நாங்கள் போனில் அடித்துக் காட்டுவோம், அவள் வாயால் பதில் சொல்வாள். நாடகம் அதற்குப் பிறகு தொடங்கியது. ஒரு நாள்கூட அவள் அதைக் கேட்டதில்லை. ஆனால் எங்கள் எல்லோரையும் விட அவளுக்குத்தான் கதை அத்துப்படி.

ஒரு நாள் காலையில் வாசல் தெளித்துக்கொண்டிருந்தவள் என்னைக் கூப்பிட்டாள். கதை நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் ஒரு குறை என்றாள்.

“நீ எழுதுததுல மாமியாரும் மருமகளும் ஒரே குரல்லதான் பேசுதாவ. உன் குரல்ல. யாருக்கு எப்படிக் குரல்னு போடுட்டி. எனக்கு அதுதான் வேணும்.”

குரலை எப்படி எழுதுவது? கனத்த குரல், மெல்லிய குரல் என்று போட்டுப் பார்த்தேன். அரிசி மூட்டையில் எழுதி ஒட்டியது போல இருந்தது. பிறகு ஒரு வழி தோன்றியது. பாத்திரத்துக்குப் பக்கத்தில் அடைப்புக்குறி போட்டு, அது நம் ஊரில் யாருடைய குரல் போல என்று எழுதினேன். மாமியார் (ரேஷன் கடைக்காரர் சம்சாரம், சண்டை போடாத நாளில்). மூத்த மகன் (கரிவலம் பஸ் கண்டக்டர், சில்லறை கேட்கும்போது). அன்றைக்கு அவள் சிரித்த சிரிப்பு என் அடுப்படி வரைக்கும் வந்தது.

அந்தத் தெம்பில் சின்ன மருமகளுக்கு, பஸ் ஸ்டாண்டு பேக்கரியில் பில் போடும் பெண்ணின் குரல் என்று போட்டேன். அச்சு அசல் அதேதான். குழுவே ஆமாம் ஆமாம் என்றது. சாயங்காலம் எதிர்வீட்டுக்காரி வந்து, அந்தப் பெண் பேசி நான் கேட்டதே இல்லையே என்றாள். பேக்கரி வந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது. எனக்கு என் மேலேயே எரிச்சலாக வந்தது. அவளுக்காக எழுதுகிறேன் என்று சொல்லிக்கொண்டு, அவளைத் தவிர எல்லோருக்கும் எழுதியிருக்கிறேன்.

அதிலிருந்து, அவளுக்குக் காது கேட்ட காலத்து ஆட்களாகவே பார்த்து எடுத்தேன். அவர்களில் பலர் இன்று உயிரோடு இல்லை. எப்போதோ காலமான தபால்காரர் எங்கள் நாடகத்தில் வக்கீலாக நின்று வாதாடினார். வில்லன் குரல் பூக்கடை அண்ணாச்சிக்கு வாய்த்தது. கடைசியில் வில்லனைப் போலீஸ் பிடித்தபோது, எனக்கு ஜாமீன் உண்டா இல்லையா என்று முதலில் கேட்டவர் அவர்தான்.

இந்த வருடம் ஆடித்தபசுத் திருவிழா நெருங்கும் சமயத்தில் நாடகம் ஒரே தாவாகப் பல வருடம் தாண்டிவிட்டது. முந்தின நாள் வரை பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த கடைக்குட்டி, மறுநாள் வேலைக்குப் போகிறாள். புதுக் குரல். அன்றைக்குக் கடையில் கூட்டம், யோசிக்க நேரமில்லை. அடைப்புக்குறிக்குள் ஒன்றும் போடாமல் அனுப்பிவிட்டேன். சாயங்காலம் எதிர்வீட்டுக்காரி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அந்தப் பிள்ளைக்கு யாரையும் போட வேண்டாம். எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லு. என் மக குரல் யாரு குரல் மாதிரி இருக்கும்?”

அவள் மகள் மதுரையில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். தினமும் அம்மாவுக்கு மெசேஜ் அனுப்புவாள்.

“எனக்கு அவ மூணாங்கிளாஸ் குரல்தான் ஞாபகத்துல இருக்கு. வார்டுல ஒருத்தர் செத்துட்டாருன்னு அனுப்புதா. அதையும் அந்தக் குரல்லதான் படிக்கேன்.”

அந்தப் பெண்ணை அவள் பிறந்ததிலிருந்து நான் பார்க்கிறேன். அவள் குரல் யாருடையது போல என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. ஆறுதலுக்கு ஏதாவது ஒரு பெயரைச் சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனால் இனி ஆயுசுக்கும் அந்தக் குரலில்தான் இவள் மகளைக் கேட்கப்போகிறாள். பத்திரத்தில் பிழை வந்தால் பிழைதிருத்தல் பத்திரம் போடலாம். இதில் தப்பாகக் கொடுத்துவிட்டால் என்ன செய்வது? மகள் தபசுக்கு வரட்டும், நன்றாகக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று அடித்துக் காட்டினேன்.

மகள் வந்தாள். நான் வெட்கமில்லாமல் அவர்கள் வீட்டிலேயே பழியாய்க் கிடந்தேன். அவளைப் பேச வைப்பதற்காக மதுரையில் தக்காளி என்ன விலை என்றெல்லாம் கேட்டேன். ஊரில் யார் யாரையோ நினைத்துப் பார்த்தேன். ஒருவரும் பொருந்தவில்லை. எதிரே உட்கார்ந்து முகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டால் ஒன்றும் பிடிபடவில்லை.

மறுநாள் அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். தெருவில் கீரைக்காரரோடு யாரோ பேரம் பேசினார்கள். அது என் எதிர்வீட்டுக்காரி. கல்யாணமான புதிதில் சிரித்துக்கொண்டே பேரம் பேசுவாளே, அந்தக் குரல். எழுந்து வாசலுக்கு ஓடினேன். நின்றது மகள்.

தன் பேச்சு தனக்கே கேட்காமல் போனதில் எதிர்வீட்டுக்காரியின் குரல் எப்போதோ மாறிவிட்டது. ஏற்றமும் இறக்கமும் இல்லாமல் ஒரே சத்தமாகப் பேசுவாள். அது அவளுக்குத் தெரியாது, நாங்கள் யாரும் சொன்னதில்லை. முன்னால் அவளுக்கு வேறு ஒரு குரல் இருந்தது என்பதையே நான் மறந்துபோயிருந்தேன்.

நேரே அவளிடம் போய் போனில் அடித்துக் காட்டினேன். ‘உன் குரல். காது நல்லா இருந்தப்போ நீ பேசுவியே, அதே குரல்.’

படித்தாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை படித்தாள். நிஜமாகவா என்று கேட்டாள். தலையை ஆட்டினேன். அவள் அழவில்லை, நான்தான் அழுதேன்.

கீரையை உள்ளே வைத்துவிட்டு மகள் போனில் யாரோடோ டியூட்டி மாற்றுவது பற்றிப் பேச ஆரம்பித்தாள். முன்னறைக்கும் வாசலுக்குமாக நடந்து நடந்து பேசினாள். அவளுக்குத் தட்டில் வைத்திருந்த இட்லி ஆறிக்கொண்டிருந்தது. சாப்பிட்டுவிட்டுப் பேசச் சொல்லலாம் என்று நான் எழுந்தேன். இவள் என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். கண்ணை மகள் வாயிலிருந்து எடுக்கவில்லை.

“கூப்பிடாதட்டி. பேசட்டும். நான் கேட்டுக்கிட்டுல்லா இருக்கேன்.”