பினாங்கில் நான் காட்டிய கல்லறை

போன திங்கட்கிழமை காலை, பொம்மிடியில் எங்கள் கிணற்று மோட்டாரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தேன். கடத்தூரிலிருந்து வந்த ஒருவர் சைக்கிளை விட்டு இறங்காமலேயே சொன்னார்.

"அருளப்பன் அண்ணன் தவறிட்டாருங்க. நெஞ்சு வலின்னு உக்காந்தவரு எந்திரிக்கல. நாலு மணிக்கு எடுக்கறாங்க."

"சரிங்க" என்றேன். மோட்டாரைத் திரும்பப் பூட்டிவிட்டுத்தான் கிளம்பினேன். அழுகை வரவில்லை. இன்று வரை வரவில்லை.

அவரைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அருளப்பன் அவர்கள் கடத்தூர்ப் பக்கத்தில் ஒரு கத்தோலிக்க விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். சென்னையிலிருந்து பினாங்கு, சிங்கப்பூர் போகும் பயணிகள் கப்பலில் ஆயில்மேன். இயந்திரங்களுக்கு எண்ணெய் விடுவது அவர் வேலை. டிப்ளமா முடித்த நான் 1971இல் அதே கப்பலில் ஜூனியர் இன்ஜினியராகச் சேர்ந்தேன். அவர் வயதில் இருபது வருஷம் மூத்தவர், உத்தியோகத்தில் எனக்குக் கீழே.

"சாருக்கு எந்த ஊருங்க?" என்று முதல் நாளே கேட்டார்.

"பொம்மிடி."

"அட, நம்ம பக்கம்! பொம்மிடில ரயில விட்டா வேற என்ன சார் இருக்குது?"

"கடத்தூர்ல அதுவும் இல்லீங்களே."

இயந்திரச் சத்தத்தை மீறிச் சிரித்தார். அன்றிலிருந்து இன்ஜின் அறைக்குள் நான் சார், மேலே வந்தால் தம்பி.

ஒரு தடவை பேரிங் சூடேறியதற்கு எல்லார் முன்னாலும் அவரைத் திட்டினேன். எண்ணெய் வால்வை மூடி வைத்தது நான்தான் என்று பிறகு தெரிந்தது. "விடுங்க தம்பி, இப்ப ஓடுதில்ல" என்றார். மன்னிப்புக் கேட்க எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த வருஷம் கப்பல் பினாங்கில் ஒரு பகல் நின்றது. ஊர் பார்க்க வந்த பயணிகள் பழைய கோட்டைக்கும் பீரங்கிகளுக்கும் கிளம்பினார்கள். எங்களுக்கும் நான்கு மணி வரை அனுமதி. எனக்கு ஒரே ஆசை, மலை மேல் கம்பி வடத்தால் இழுக்கும் ரயிலைப் பார்க்க வேண்டும்.

அருளப்பன் அவர்களுக்குப் பகலில் இறங்க வாய்த்தது அன்றுதான். "தம்பி, ஒரு எட்டு என்னோட வாங்க. எனக்கு இங்கிலீசு படிக்க வராது" என்றார். அவர் தந்தை சூசை, யுத்தத்துக்கு முன்னால் அந்தத் துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போனவர். முப்பது வயதில் காய்ச்சலில் அங்கேயே இறந்தார். கூட வேலை செய்தவர்கள் இங்கிலீசில் அவர் பேர் வெட்டிய கல் வைத்ததாகக் கடிதம் வந்திருந்தது. அந்த மண்ணில் ஒரு பிடி தன் கல்லறையில் விழ வேண்டும் என்று அவர் தாய் சாகும்போது கேட்டிருந்தார்.

கல்லறைத் தோட்டத்தில் முழங்கால் உயரத்துக்குப் புல்.

"இது யாருங்க தம்பி?"

"சீனாக்காரருங்க."

"இது?"

"வெள்ளைக்காரரு. வாங்க, நேரமாகுது."

பன்னிரண்டரை மணிக்கு ஒரு கல்லில் சூசை என்ற பேரைப் பார்த்தேன். படித்துச் சொன்னேன். அவர் செருப்பைக் கழற்றினார்.

"வயசு போட்டிருக்குதுங்களா?"

அறுபத்திரண்டு என்று, எண்ணில் இல்லாமல் இங்கிலீசு எழுத்தில், தெளிவாக வெட்டியிருந்தது.

"அழிஞ்சு போச்சுங்க" என்றேன்.

அவர் மண்டியிட்டுப் புல்லைக் கையாலேயே பிடுங்கினார். மெழுகுவத்தி ஏற்றினார். "அப்பா, அருளப்பன் வந்திருக்கறேன். ஆத்தா போயிட்டாங்க. தம்பி வூடு கட்டிட்டான்" என்றார். ஒரு பிடி மண்ணைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார்.

நான் மலை ரயிலைப் பார்த்தேன். நல்ல இயந்திரம்.

அந்த வருஷக் கல்லறைத் திருநாளில் அந்த மண் அவர் தாயின் கல்லறையில் சேர்ந்தது. "இந்தத் தம்பி இல்லன்னா எங்கப்பாவக் கண்டிருக்க மாட்டேன்" என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லி வந்தார்.

திங்கட்கிழமை அவரைத் தாயின் பக்கத்திலேயே அடக்கம் செய்தார்கள். கூட்டம் கலைந்ததும் அவருடைய தம்பி மரியதாஸ் என்னிடம் வந்தார். தந்தை கப்பல் ஏறியபோது தாயின் வயிற்றில் இருந்தவர்.

"அடுத்த மாசம் பினாங்கு போறேங்க, அப்பாவ ஒரு தடவ பாத்துட்டு வந்துடலாம்னு. நீங்க டிராயிங் போடறவரு. வழி ஒன்னு போட்டுக் குடுங்க."

துறைமுகம், தெரு, கல்லறைத் தோட்டத்துக் கேட்டு வரை பென்சில் தானாக ஓடியது. அதற்கு மேல் ஓடவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னேன்.

"அண்ணனுக்குத் தெரியுங்களா?"

"தெரியாதுங்க."

இரண்டு கல்லறைகளையும் பார்த்துக்கொண்டு நின்றார். "அப்ப எங்க ஆத்தா கூட இப்ப யாரு மண்ணுங்க கெடக்குது?"

அவர் தாளை வாங்கிப் பார்த்தார்.

"கேட்டு வரைக்கும் சரியாப் போட்டிருக்கறீங்களா?"

"போட்டிருக்கறேங்க."

"அது போதும். உள்ள படிச்சுச் சொல்ல வேற ஆளப் பாத்துக்கறேன்."

தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

அருளப்பன் அண்ணா, உங்களிடம் சொல்ல வேண்டியதை உங்கள் தம்பியிடம் சொல்லிவிட்டேன். என்னைப் பற்றி நீங்கள் ஊரெல்லாம் சொன்னதை இனி யாரும் நம்ப வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். நிம்மதியாக உறங்குங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போய் வாருங்கள்.