ஒரே பெட்டி, பத்து டிவி

லூர்தம்மாளுக்கு யார் மேலும் நம்பிக்கை கிடையாது. இருங்காட்டுக்கோட்டையில் அவருடைய பத்து ரூம்களில் ஐந்தாவதில் மூன்று வருடமாகக் குடியிருக்கிறேன். இன்னும் என் குப்பைக் கவரைப் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் வண்டியில் போடுவார். வாசலில் கிடக்கும் செருப்புகளை எண்ணுவார். ஒரு ஜோடி கூடினால் கதவைத் தட்டி, "யாரு வந்துகிறாங்க?" என்பார். கம்பெனி கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி இவரிடம் வந்து பாடம் படிக்கலாம்.

கணவர் போனபின் காலி மனையில் வரிசையாக ரூம் கட்டி, கார் கம்பெனி ஆட்களுக்கு வாடகைக்கு விட்டவர். கேபிளிலும் அவர் வைத்ததுதான் சட்டம். செட்டாப் பாக்ஸ் ஒன்றே ஒன்று, அது அவர் வீட்டில் இருக்கும். அதிலிருந்து வயரைப் பிரித்துப் பத்து ரூமுக்கும் இழுத்துவிட்டிருந்தார். அவர் எந்தச் சேனல் வைக்கிறாரோ அதுதான் பத்து டிவியிலும் ஓடும். நாங்கள் சத்தத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், அவ்வளவுதான். முதல் ஷிப்ட் முடிந்து நாலு மணிக்கு வந்ததும், "ஓனரம்மா, சண்டப் படம் வைங்க!" என்று கத்துவோம். வைப்பார். அவருக்கும் பிடிக்கும், ஆனால் ஒத்துக்கொள்ள மாட்டார்.

நாலாம் ரூமில் ரகுபதியும் அவன் மனைவி நிலாவும் இருந்தார்கள். ரகுபதி என் லைனில்தான் வேலை பார்த்தான். சூப்பர்வைசர் கத்தினால்கூடத் தலையைக் குனிந்துகொள்பவன். ஒரு நாள் நிலா தண்ணீர் பிடிக்க வந்தபோது உதடு வீங்கியிருந்தது. லூர்தம்மாள் கேட்டதற்கு, "பாத்ரூம்ல வழுக்கிட்டேம்மா" என்றாள். அடுத்த வாரம் கண்ணோரம் கன்றிப்போயிருந்தது.

லூர்தம்மாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"டில்லி, நாலாம் நம்பர்ல டெய்லி சவுண்டு ஜாஸ்தியா வெச்சிகினு படம் பாக்குறான். அருவாளும் ரத்தமுமா பாத்துப் பாத்து அவனுக்குக் கை நீளுது. எல்லாம் சினிமா பண்ற வேல."

"இருக்கும்மா" என்றேன். எனக்கென்ன வந்தது என்று இருந்துவிட்டேன்.

மறுநாளிலிருந்து பத்து டிவியிலும் ஜெபக்கூட்டம். சண்டைப் படம் பார்த்தால் கை நீளும் என்று எல்லோரிடமும் காரணமும் சொல்லிவிட்டார். மூன்றாம் ரூம் வனமாமலை, திருநெல்வேலிப் பக்கத்துக்காரன், நேராகப் போய்க் கேட்டான். "படம் பாத்தா கொலகாரன் ஆயிருவோமா? என்னம்மா பேசுதிய?"

"உன்னையும் ரெண்டு நாளா பாத்துகினுதான்கிறேன்" என்றார் லூர்தம்மாள். அவன் வந்த வேகத்திலேயே திரும்பிவிட்டான்.

ஒரு வாரத்தில் நாலாம் ரூமில் ஜெபச் சத்தம் சுவரைத் துளைத்தது. லூர்தம்மாளுக்குப் பெருமை தாங்கவில்லை. "பாத்தியா, திருந்திட்டான்" என்றார். அந்தப் பெருமையும் இரண்டு நாள்தான். மூன்றாம் நாள் என் கதவருகே வந்து நின்று காதைத் தீட்டினார்.

"ஸ்தோத்திரத்துக்கு நடுவுல இன்னாடா அது, தொப்பு தொப்புனு?"

சந்தேகம் வந்துவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. சாயங்காலம் ஐந்து மணி. விறுவிறுவென்று வீட்டுக்குள் போய்ப் பெட்டியின் ஸ்விட்சை அணைத்தார். பத்து டிவியும் ஒன்றாக அடங்கின. நாலாம் ரூமில் அடி மட்டும் நிற்கவில்லை. அதோடு நிலாவின் குரலும் கேட்டது.

"போதுங்க... டிவி நின்னுடுச்சுங்க, வெளிய கேக்கும்."

லூர்தம்மாள் ஓடிவந்து இரண்டு கையாலும் கதவைக் குத்தினார். "தொறடா! ஒடச்சிகினு வருவேன்!" ரூம் ரூமாகக் கதவுகள் திறந்தன. எல்லோரும் வெளியே வந்து நின்றோம்.

ரகுபதி வியர்வையோடு கதவைத் திறந்தான். எங்கள் கூட்டத்தைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டான். "நீங்க சொன்னது கரெக்டும்மா. அந்தப் படங்கள பாத்துப் பாத்துத்தான் நான் கெட்டுட்டேன். இனிமே டிவியே வேணாம்மா."

எனக்கு அவன்மேல் பாவமாகக்கூட இருந்தது. தான் சொன்ன காரணத்தையே அவன் தன்னிடம் திருப்பி நீட்டுகிறான் என்பது லூர்தம்மாளுக்கு விளங்கிவிட்டது.

"பத்து ரூம்லயும் அதே படந்தான்டா ஓடிச்சி. நானுந்தான் பாத்தேன். நான் யார அடிச்சேன்?"

அவனைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய் நிலாவை அழைத்துவந்தார். "நீ என் வூட்ல இரு. ஸ்டேஷன்ல எழுதிக் குடுக்கறதுன்னா நானும் வரேன்" என்றார். நிலா சரியென்று தலையாட்டினாள். அவளுடைய துணிப்பையை நான் முந்திக்கொண்டு வாங்கினேன். ஏதாவது சொல்ல வேண்டும்போல இருந்தது.

"எங்களுக்குத் தெரியாதும்மா. படத்துச் சத்தம்னுதான் நெனச்சோம்."

நிலா என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்த முகத்தில் கோபம்கூட இல்லை.

"உங்க டிவிலயும் அதே படந்தானே ஓடிச்சிண்ணா? அதுல பாட்டு ஓடும்போதும் எங்க ரூம்லேர்ந்து அடி கேட்டிருக்குமே?"

கேட்டது. தினமும் கேட்டது.